எழுதாமல் விட்ட கட்டம்

வேலை முடிந்து கிளம்பும்போது அறைப் பூட்டைப் பிடித்து மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். நாலடி நடக்கிறார். நின்று, திரும்பி வந்து, நாலாவது தடவை இழுக்கிறார். பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் பூட்டைப் படம் பிடிக்கிறார்.

"இது எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பஸ்ல உக்காந்ததும் பூட்டினேனா இல்லையான்னு வந்துடும் அண்ணா. அப்ப இதை எடுத்துப் பாத்துக்குவேன்."

அவர் கைப்பேசியில் பெற்ற பெண்ணின் படத்தைவிடப் பூட்டின் படம் அதிகம். அணைத்த கேஸ் அடுப்பின் திருகு, சுவரிலிருந்து பிடுங்கிய இஸ்திரிப்பெட்டி ஒயர், இறுக்கி மூடிய தண்ணீர்க் குழாய் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். கல்லூரியில் படிக்கும் மகள் ஒருமுறை இங்கே வந்திருந்தபோது, "எல்லார் வீட்லயும் கல்யாண ஆல்பம் இருக்கும் அங்கிள். எங்க வீட்ல கேஸ் அடுப்பு ஆல்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாய்க்காரி கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் காலையில் எடுத்த படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழு வயது. ஒல்லி உடம்பு. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி ஒன்று, அது உடைந்தால் இருக்கட்டும் என்று பையில் இன்னொன்று. நடக்கும்போது தோள்பையின் ஜிப்பை இடது கையால் பிடித்துக்கொண்டே நடப்பார். பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும். காவலாளி முதல் துப்புரவு ஆட்கள் வரை எல்லோருக்கும் அவர் 'இன்னொருதடவை'. எந்த வேலை முடிந்தாலும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்பார். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லிப் பிழைத்தவர் யாரும் கிடையாது.

நான் இந்த வளாகத்தில் மின்சாரமும் ஏ.சி.யும் பார்க்கிறவன். அவருடைய அறைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். அந்தப் பக்கம் ஏ.சி.யைத் துடைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பக்கம் பேசுவது எல்லாம் காதில் விழும். பத்து வருடத்தில் நான் கேட்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

முன்பு அது பழைய சஞ்சிகைகள் போட்டு வைத்திருந்த கிடங்கு. ஜன்னல் கண்ணாடிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருப்பதால் உள்ளே எப்போதும் மழை வரப்போகிற மாதிரி ஒரு வெளிச்சம். இரண்டு ஸ்கேனர், நான்கு மேசை, சுவர் ஓரமாகத் தலை உயரத்துக்கு ஆய்வேடுகள். பட்டம் வாங்க ஆட்கள் நாலு வருடம், ஐந்து வருடம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த தடித்தடிப் புத்தகங்கள். எழுதியவரும் அதைத் திருத்திய மூன்று பேரும் தவிர வேறு கண் படாதவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, உலகத்தில் எவர் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல், கடவுச்சொல் கேட்காமல் படிக்கும்படி வைக்கிற வேலை அவருடையது. நம்முடைய பல்கலைக்கழகம் மட்டுமல்ல, ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே களஞ்சியம்.

"அப்படின்னா என்னம்மா?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய் வச்ச மாதிரி அண்ணா."

"அப்ப சண்டை நிச்சயம்."

"அதான் தினமும் நடக்குது."

நடக்கத்தான் செய்தது. ஒருவர் ஆசிரியர் பெயரை முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். ஒரு பல்கலைக்கழகம் துறைகளுக்கு எண் வைத்திருக்கும், இன்னொன்று சுருக்கப் பெயராக எழுதி வைத்திருக்கும். எங்கள் பெயர்தான் முகப்பில் முதலில் வரவேண்டும் என்று ஒரு துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். இவர் ஆறு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடாமல், "சரிங்க, பாத்துக்கறேங்க, நீங்க சொல்றதும் நியாயம்தாங்க" என்று நூல் பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டிருப்பார். போனை வைத்ததும் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்ப்பார். "எங்க வீட்டுக்காரர் தையல் மெஷின்ல உக்காந்திருக்காரு. ஒரு இஞ்ச் தப்பினா பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுவாரு. வந்தவங்களும் கம்முன்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க. எனக்குத் தப்பினா உலகத்துக்கே தெரியும்" என்பார்.

அவர் செய்த ஏற்பாடுகளில் அவருக்கே பெருமை உள்ளது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் களஞ்சியம் தானாகவே ஆய்வேடு எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். 'இந்த வாரம் உங்கள் ஆய்வேடு இத்தனை தடவை திறக்கப்பட்டது.' அவ்வளவுதான் கடிதம். அது வந்த பிறகு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கையில் குடையோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஏழு தடவைன்னு வந்திருக்கு. யாரும்மா அந்த ஏழு பேரு?"

"அதெல்லாம் தெரியாதுங்க சார். எண்ணிக்கைதான் வரும்."

"முப்பது வருஷமா வீட்ல இருக்கு. என் பெண்டாட்டி ஒரு பக்கம் புரட்டினதில்லை. யாரோ ஏழு பேரு படிக்கிறான்னா எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் போன பிறகு 'இன்னொருதடவை' வாயை மூடிக்கொண்டு சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே முகம் மாறியது. "ஏழுல நாலு மெஷினா இருக்கும் அண்ணா. தேடுற மெஷினுங்க சும்மா வந்து திறந்து பாத்துட்டுப் போகும். அவர்கிட்ட சொல்லிடலாமா? பொய் சொன்ன மாதிரி ஆயிடுமோ?" இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் அவருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார். பெரியவர், "மூணு பேர் மனுஷங்கதானே? போதும்மா" என்றாராம்.

எல்லா ஏட்டையும் உடனே திறந்துவிட முடியாது. சிலர் அதைப் புத்தகமாகப் போட இருப்பார்கள், ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். சிலருக்கு வேறு காரணம் இருக்கும். அந்த மாதிரி ஏட்டுக்குப் பூட்டு. ஒவ்வொரு ஏட்டுக்கும் இருபத்திரண்டு கட்டம் கொண்ட படிவம் ஒன்று. அதில் பதினேழாவது கட்டம், 'திறக்கும் நாள்'. அங்கே எழுதிய தேதி வரும்வரை களஞ்சியம் ஏட்டைக் காட்டாது. இந்தக் கட்டத்தை மட்டும் இவர் யாரையும் தொடவிட மாட்டார். ஆறு பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த பழைய பட்டியல்களைக் களஞ்சியம் என்கிற பொதுத் தொட்டியில் கொட்டுவதற்கு முன்னால், பதினேழாவது கட்டத்தை மட்டும் தாளில் எடுத்து, அளவுகோல் வைத்து வரிவரியாக மூன்று தடவை பார்த்தார். அந்த மூன்று வாரமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பிப் போனது. ஏ.சி. மட்டும் இருபத்திரண்டிலேயே நிற்கிறதா என்று மணிக்கு ஒருதரம் என்னைக் கேட்பார்.

"அது உங்களைப் பாத்து பயந்தே இருபத்திரண்டுல நிக்குதும்மா."

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க அண்ணா."

கொட்டி முடித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் சனிக்கிழமை ஆறு பல்கலைக்கழகத்துப் பெரிய ஆட்களும் வந்து களஞ்சிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. கூட்ட அறை ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுகிறது என்று என்னைத் திட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவர் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

நான் சர்வர் அறையில் வடிகட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "ஆமாம்மா... இல்லம்மா... ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். உட்கார நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

கூப்பிட்டது ஒரு ஆய்வாளர், வேறு ஊரில் இப்போது பாடம் நடத்துகிற இளம்பெண். ஆறாவது பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். எங்கள் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளிகளுடைய நெஞ்சு நோயைப் பற்றி ஆய்வு செய்தவர். ஆலை சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மருத்துவர் ஆளைப் பார்க்காமலேயே 'நலம்' என்று எழுதிக் கொடுப்பதைப் பதினான்கு பேர் அவரிடம் விலாவாரியாகச் சொல்லியிருந்தார்கள். பெயர் வெளியே வராது என்று அந்தப் பெண் வாக்குக் கொடுத்துத்தான் பேச வைத்திருக்கிறார். ஆனால் அப்படி ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று திருத்துகிறவர்கள் கேட்டதால், கடைசியில் பின்னிணைப்பாக அவர்கள் பெயர், பிரிவு, வீட்டுக் கதவு எண் எல்லாம் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அதற்காகவே ஏட்டுக்குப் பூட்டு. கொட்டிய வாரம் கடிதத்தை நிறுத்தி வைத்திருந்ததால், இப்போதுதான் அவருக்கு முதல் வெள்ளிக்கிழமைக் கடிதம் வந்திருக்கிறது: 'உங்கள் ஆய்வேடு பத்தொன்பது தடவை திறக்கப்பட்டது.'

தவறு நடந்தது இப்படி. ஐந்து பல்கலைக்கழகங்களில் பதினேழாவது கட்டத்தைக் காலியாக விட்டால், பூட்டு வேண்டாம், திறக்கலாம் என்று பொருள். ஆறாவதில் வழக்கம் வேறு. அங்கே ஒருவர் 'நான் சொல்கிறவரை திறக்காதே' என்று எழுதிக் கொடுத்தால், எழுத அங்கே தேதி ஏது? அதனால் அந்த எழுத்தர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அவரளவில் அது சரி. காலி என்றால் கேட்காமல் தொடாதே. இருபது வருடமாக அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆறு தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுந்ததும் காலி எல்லாம் திறந்துகொண்டது.

"எழுதியிருந்ததை மூணு தடவை பாத்தேன் அண்ணா" என்றார் தரையில் உட்கார்ந்தபடியே. "எழுதாம விட்டதைப் பாக்கலை. பாக்கணும்னு தோணவே இல்லை."

கையில் அழுக்கு வடிகட்டியோடு நின்றேன்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எழுந்தார். நாற்பது நிமிடத்தில் ஆறாவது பல்கலைக்கழகத்துக் காலிக் கட்டங்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் பூட்டினார். மற்ற ஏடுகளின் பின்னிணைப்பை மட்டும் புரட்டிப் பார்த்ததில், ஆளுக்கு ஆபத்து வருகிற மாதிரி இருந்தது இந்த ஒன்றுதான். பிறகு அந்தப் பத்தொன்பதைப் பிரிக்க உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அதே வேலை. பதின்மூன்று தேடுகிற மெஷின். நான்கு, ஆறாவது பல்கலைக்கழகத்து அலுவலகமே சோதனைக்குத் திறந்தது. ஒன்று அவரே. பக்கம் சரியாகப் புரள்கிறதா என்று பார்க்க இந்த ஏட்டைத்தான் திறந்திருக்கிறார். அட்டையைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்.

பத்தொன்பதாவது ஒரு மனிதர். இதே ஊரிலிருந்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பின்னிணைப்பு வரை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்திருக்கிறார். யார் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

நூலகத் தலைவர் நல்ல மனிதர்தான், சத்தம் போடாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தினால் என்ன, கண்ணாடிக் கதவு.

"மூடியாச்சு இல்ல?"

"மூடியாச்சு சார்."

"அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டணும்? நாளைக்குக் கையெழுத்து. இதைச் சொன்னா ஆறாவது ஆள் ஃபைலைத் தூக்கிட்டுப் போயிடுவான். அவன் போனா மத்தவன் நிப்பானா? ஆறு வருஷ உழைப்பும்மா உங்களுது."

"தெரியும் சார்."

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. லெட்டர் வேணா நான் போடறேன். அத்தோட விட்டுடுங்க."

அவர் தோள்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சார், நாம மூடினது நமக்குத் தெரியும். திறந்து கெடந்தது அந்தப் பதினாலு பேருக்குத் தெரியாது. நாளைக்கு ஆலையில ஒருத்தரைக் கூப்பிட்டு விசாரிச்சா, ஏன் கூப்பிடறாங்கன்னே தெரியாமப் போய் நிப்பாங்க."

"எல்லாத்துக்கும் பயந்தா எப்படிம்மா?"

"பயந்த எடத்துல ஒண்ணும் நடக்கலை சார். பயப்படாத எடத்துல நடந்துடுச்சு."

மறுநாள் கூட்டத்தில் காபி வருவதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லிவிட்டார். நான் அந்தச் சொட்டுகிற ஏ.சி.க்குக் கீழே வாளியோடு நின்றிருந்தேன். அவர் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். ஆறாவது பல்கலைக்கழகத்துப் பதிவாளர் கனத்த உடம்புக்காரர். "எங்க ஆள் மேல தப்புங்கறீங்களா?" என்றார்.

"இல்லைங்க. உங்க ஆள் சரியாத்தான் விட்டிருக்காரு. காலியா விட்டா என்னன்னு ஆறு பேர்கிட்டயும் நான் கேட்டிருக்கணும். ஒருத்தர் சொன்னதை ஆறு பேருக்கும் வச்சுக்கிட்டேன்."

பதிவாளர் ஃபைலை மூடினார். ஊருக்குப் போய் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தக் கையெழுத்து நான் இதை எழுதுகிற நாள்வரை வரவில்லை. மற்ற ஐவரும் போட்டார்கள், ஆனால் பேனாவை எடுக்க யோசித்தார்கள். தலைவர் அன்று முழுக்க இவரோடு பேசவில்லை.

ஆலைக்கு விடுமுறை ஞாயிறு. அன்றைக்குத்தான் ஆட்களை வீட்டில் பிடிக்க முடியும். அந்தப் பக்கம் எனக்குச் சந்துபொந்தெல்லாம் பழக்கம், என் வீடு இரண்டு தெரு தள்ளி. "நான் கூட வரேன்மா" என்றேன். "இல்லண்ணா, உங்களுக்கு எதுக்கு வம்பு" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

ஆய்வாளப் பெண்ணிடமும் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். அந்தப் பெண் முதலில் திட்டியது, பிறகு அழுதது, பிறகு, "நான் வந்தா எல்லாருக்கும் அடையாளம் தெரியும் மேடம், நீங்களே போங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறது.

பதினான்கு பெயரையும் அச்செடுக்காமல் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார், மசிப் பேனாவால், சின்ன எழுத்தில். அச்சு இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கைப்பேசியிலும் ஏற்றவில்லை. அவரவர் சொன்ன பகுதியை மட்டும் தனித்தனி உறையில், மேலே பெயர் எழுதாமல் வைத்திருந்தார். புது முகம் வீடு வீடாக ஏறினால் தெரு பார்க்கும் என்பதால் நான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மீட்டர் பார்க்க வந்தவர்கள் மாதிரி போனோம். அவர் என் பின்னால் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் வீட்டில் உண்மையாகவே ஒரு ஃபியூஸ் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரே மாதிரி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரே சுவர். இந்த வீட்டு இருமல் அந்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் உள்ளே போய்க் கதவைச் சாத்தியபிறகுதான் வாயைத் திறப்பார், அதுவும் தாழ்ந்த குரலில். எல்லா வீட்டிலும் அதே வார்த்தை. "நீங்க அந்தப் பொண்ணுகிட்டப் பேசினது, உங்க பேரோட, பதினோரு நாள் எல்லார் கண்ணுலயும் படற மாதிரி இருந்துடுச்சு. தப்பு என்னோடது. இப்ப மூடியாச்சு. ஒருத்தர் முழுசாப் படிச்சிருக்காரு, யாருன்னு தெரியலை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமே என்று இரண்டாவது வீட்டு வாசலில் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று பேர் தாங்கள் சொன்னதை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னார்கள். ஒருவர் கேட்டு முடித்ததும் கதவைத் திறந்து, வெளியே கையைக் காட்டினார். ஒரு வீட்டில் அண்ணிக்காரி எழுந்து, "உங்களுக்கு இது படிப்பு. எங்களுக்குப் பொழைப்பு. இவன் போனா நாலு வயிறு. நீ வந்து சோறு போடுவியா?" என்று விரலை மூக்குக்கு நேராக நீட்டினாள். இவர் அப்படியே நின்று வாங்கிக்கொண்டார். இருமிக்கொண்டே ஒரு பெரியவர், "வேலையை விட்டுத் தூக்குவாங்க, அவ்வளவுதானே? நெஞ்சு என்னை முன்னமே தூக்கிடுச்சு. நீ உக்காரு, தண்ணி குடி, உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதைக் கேட்டதும்தான் இவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

இதுவரை ஆலையில் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பெருமூச்சு விட்டேன். இவர் விடவில்லை. "இதுவரைன்னுதான் சொல்றாங்க அண்ணா."

கடைசி வீடு பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற அம்மாளுடையது. ஐம்பது வயது இருக்கும். தரையில் உட்கார்ந்து கிழிந்த திரைச்சீலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்தினார்.

"நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"உங்க பங்கு இதுல இருக்கும்மா" என்று உறையை நீட்டினார்.

"எனக்குக் கிட்டப் பார்வை போயிடுச்சு. ஊசி கைப்பழக்கத்துல ஓடுது, எழுத்து தெரியலை. நீயே படி."

இவர் கழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி படித்தார். 'மருத்துவர் கருவியை என் நெஞ்சில் வைப்பதற்கு முன்பே "நலம்" என்று எழுதி முடித்திருந்தார். எழுதியதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. பேனாவை மூடிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.'

"நான் இப்படி அழகாப் பேச மாட்டேனே" என்றார் அந்த அம்மாள். "ஆனா நடந்தது அதான். இன்னும் இருக்கா?"

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. படித்து முடிக்கும்வரை அவர் ஊசியை எடுக்கவில்லை.

"இதைப் படிச்சா வேற ஊரு ஆலைக்காரனுக்கும் புரியுமா?"

"புரியும்மா. அதுக்காகத்தான் இதெல்லாம்... எல்லாரும் படிக்கிற மாதிரி வைக்கிறது."

"அப்ப எதுக்கு மூடி வச்சிருக்கே?"

இவர் பக்கங்களை மடித்தார். "உங்க பேரு அதுல..."

"பேரை எடு. கதவு நம்பரை எடு. பேக்கிங்கை எடு, அதுல நாங்க நாலு பொம்பளைதான் இருக்கோம், கண்டுபிடிச்சுடுவான். சொன்னதை எடுக்காதே. அந்தப் பொண்ணு மூணு நாள் இங்க வந்து உக்காந்து கேட்டுச்சு. என் மவன்கூட அவ்வளவு நேரம் என்கிட்ட உக்காந்ததில்லை."

"பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?" என்று ஊசியை எடுத்துக்கொண்டார். "வேற யாரெல்லாம் இருக்காங்கன்னு கேக்க மாட்டேன். நீயும் சொல்லாதே. அந்தக் காகிதத்தை மட்டும் பத்திரமா எதாவது பண்ணிடு."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. நிழலுக்கு ஒரு தகரக் கூரை, அடியில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் வழிந்துகொண்டிருந்த குப்பைத் தொட்டி. பெயரை எப்படி எடுப்பது, அந்த ஆய்வாளப் பெண்ணை வைத்தே செய்யச் சொல்வதா, பல்கலைக்கழகம் சம்மதிக்குமா, மொத்தமாக எடுக்கச் சொன்ன மூன்று பேருடைய பக்கங்களை என்ன செய்வது என்று அவர் வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தார். உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார்.

குப்பைத் தொட்டியைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் தீப்பெட்டியை நீட்டினேன். "பஸ் ஸ்டாப்புல நெருப்பா? நாலு பேர் என்னன்னு வந்து பாப்பாங்க" என்று தள்ளிவிட்டார்.

காகிதத்தை நீளவாக்கில் கிழித்தார். குறுக்கே கிழித்தார். நகத்தளவுத் துண்டுகளாகும்வரை விடவில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, ஒவ்வொரு துண்டாக உள்ளே போட்டார். மடியில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி அதையும் போட்டார். மூடியை இறுக்கித் திருகி, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார். பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் முதலில் லேசாக நீலம் பாய்ந்தது, பிறகு கலங்கியது.

பஸ் வந்து நின்றது. "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே ஓர் எழுத்தாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.